டிஸ்க் செத்தாலும் தரவு பிழைப்பது எப்படி?

ஆராய்ச்சி நிறுவனத்தின் கம்ப்யூட்டர் அறைக்கு யார் வந்தாலும் முதலில் கேட்பது, "இது எவ்வளவு வேகம் சார்?" என்றுதான். அந்த அறையைப் பார்த்துக்கொள்கிறவருக்கு வேகம் அவ்வளவு பெரிய கவலை கிடையாது. ஒரு வாரத்தில் முடியவேண்டிய கணக்கு பத்து நாள் ஓடினால் ஆய்வு மாணவர்கள் முணுமுணுப்பார்கள், அதோடு சரி. எடுத்த அளவீடு தொலைந்துபோனால்தான் தூக்கம் கெடும். ஏனென்றால் பல அளவீடுகளை இரண்டாம் முறை எடுக்க வழியே இல்லை.

மதுரையிலேயே பாருங்கள். வடபழஞ்சியில் மினி-ஐகால் என்ற கருவியை 2018-ல் நிறுவினார்கள். 85 டன் இரும்புக் காந்தத்தின் அடுக்குகளுக்கு நடுவே உணர்கருவிகளைச் செருகி, வானத்திலிருந்து பொழியும் மியூவான் துகள்களின் தடத்தைப் பதிவு செய்வது அதன் வேலை. உள்ளங்கையை நீட்டினால் சதுர சென்டிமீட்டருக்கு நிமிடத்துக்கு ஒன்று என்ற கணக்கில் மியூவான்கள் அதைத் துளைத்துப் போகின்றன. போனது போனதுதான், திரும்ப வராது. 1976-ல் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கும் ஊர் இது. சர்க்கரை நோயாளி ஒருவரின் ஐந்து வருடத்துக்கு முந்தைய விழித்திரையை இன்றைக்கு எந்தக் கேமராவாலும் படம் எடுத்துவிட முடியாது.

இவையெல்லாம் கடைசியில் போய்ச் சேரும் இடம் ஹார்ட் டிஸ்க். டிஸ்க்கோ சாகும். நூறு டிஸ்க் ஓடும் இடத்தில் வருடத்துக்கு ஒன்றிரண்டு போவது சாதாரணம். அப்படிப் போகும்போது பீப் சத்தம் கேட்கும், பெட்டியின் முகப்பில் ஒரு ஆரஞ்சு விளக்கு எரியும். மற்றபடி வேலை நிற்காது. பயனாளர் ஒருவருக்கும் விஷயம் தெரியாது. செத்த டிஸ்க்கில் இருந்த தரவு எங்கிருந்து வருகிறது?

நம் ஊர் மொய் நோட்டில் இதற்குப் பதில் இருக்கிறது. ஒரு பக்கத்தில் நாலு பேர்: 501, 1001, 251, 101. அடியில் கூட்டுத்தொகை 1854. பந்தி நடக்கும் இடத்தில் பாயாசம் கொட்டி மூன்றாம் வரி அழிந்துவிட்டது என்று வையுங்கள். மொத்தத்திலிருந்து மற்ற மூன்றையும் கழித்தால் 251 வந்துவிடும். யார் எழுதினார் என்ற நினைவே தேவையில்லை.

ரெய்டு என்னும் ஏற்பாடு அடிப்படையில் இதுதான். 1988-ல் பெர்க்லி பல்கலைக்கழகத்தின் பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் மூவரும் ஒரு கட்டுரையில் இதற்குப் பெயர் வைத்து, வகை பிரித்து எழுதினார்கள். விலை உயர்ந்த ஒரே பெரிய டிஸ்க்குக்குப் பதிலாக மலிவான பல டிஸ்க்குகளைச் சேர்த்து ஓட்டு, கூடவே ஒரு 'கூட்டுத்தொகை' எழுதி வை என்பது அதன் சாரம். கம்ப்யூட்டர் உண்மையில் கூட்டுவதில்லை. மூன்று டிஸ்க்குகளில் ஒரே இடத்தில் 1011, 0010, 1110 என்று இருந்தால், ஒவ்வொரு நெடுவரிசையிலும் எத்தனை 1 என்று பார்க்கும். ஒற்றைப்படை என்றால் 1, இரட்டைப்படை என்றால் 0. வருவது 0111. இதை நான்காம் டிஸ்க்கில் எழுதும். இதற்குப் பேரிட்டி என்று பெயர். இரண்டாம் டிஸ்க் செத்ததும், மிச்சமுள்ள 1011, 1110, 0111 மூன்றுக்கும் அதே விதியைப் போட்டால் 0010 திரும்பக் கிடைக்கிறது. கழித்தலும் கூட்டலும் இங்கே ஒரே செயல் என்பதால், தொலைந்ததை மீட்கத் தனிச் சூத்திரம் வேண்டாம்.

இரண்டு வரி அழிந்தால்? ஒரு கூட்டுத்தொகை போதாது. அதற்காக மொய் நோட்டில் இன்னொரு தொகையும் எழுதுவோம்: ஒவ்வொரு தொகையையும் அதன் வரிசை எண்ணால் பெருக்கிக் கூட்டியது. 501×1, 1001×2, 251×3, 101×4, ஆக 3660. இப்போது இரண்டாவதும் நான்காவதும் அழிந்தால், முதல் மொத்தத்திலிருந்து இரண்டும் சேர்ந்து 1102 என்று தெரியும். இரண்டாம் மொத்தத்திலிருந்து, இரண்டாவதன் இருமடங்கும் நான்காவதன் நான்கு மடங்கும் சேர்ந்து 2406 என்று தெரியும். பத்தாம் வகுப்பு ஒருங்கமை சமன்பாடு. 1001, 101 என்று விடை வந்துவிடும். ரெய்டு-6 என்ற வகை இப்படித்தான் இரண்டு டிஸ்க் ஒருசேரப் போனாலும் தாங்குகிறது. அதன் பின்னாலுள்ள கணிதம் 1960-ல் ரீடு, சாலமன் என்ற இருவர் எழுதியது. கீறல் விழுந்த சிடி பாடுவதற்கும், ஓரம் கிழிந்த க்யூஆர் கோடைப் போன் படிப்பதற்கும் அதே கணிதம்தான் காரணம்.

ஒரு டிஸ்க் போனாலே ஏன் இரண்டாவதற்கும் சேர்த்துப் பயப்பட வேண்டும்? புது டிஸ்க்கைச் செருகியதும் பழைய தரவு முழுவதையும் கணக்குப் போட்டு அதில் எழுதியாக வேண்டும். 16 டெராபைட் டிஸ்க்கில் விநாடிக்கு 200 மெகாபைட் வீதம் நிற்காமல் எழுதினாலும் 22 மணி நேரம் பிடிக்கும். பகலில் பயனாளர்களின் வேலையும் சேர்ந்து ஓடினால் இரண்டு மூன்று நாள்கூட ஆகலாம். அவ்வளவு நேரமும் மிச்ச டிஸ்க்குகள் எல்லாம் முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை படிக்கப்படுகின்றன. அவை செத்த டிஸ்க்கோடு ஒரே நாளில் வாங்கியவை, ஒரே சூட்டில் ஓடியவை. அடுத்தது போவதற்கு அதைவிடப் பொருத்தமான நேரம் இல்லை. பெரிய டிஸ்க்குகளை ஒற்றைப் பேரிட்டியை நம்பி ஓட்டுவதை நான் சிக்கனம் என்று சொல்ல மாட்டேன்.

இன்னொரு ஆபத்துக்கு எந்தக் கணிதமும் உதவாது: பழுதான டிஸ்க்குக்குப் பதில் பக்கத்தில் இருக்கும் நல்ல டிஸ்க்கை உருவிவிடுவது. சாஃப்ட்வேர் 'ஏழாம் டிஸ்க்' என்னும். அது பூஜ்யத்திலிருந்து எண்ணுகிறதா, ஒன்றிலிருந்தா? பெட்டியில் எண் மேலிருந்து கீழா, இடமிருந்து வலமா? விவரம் தெரிந்தவர்கள் டிஸ்க்கின் சீரியல் எண்ணைச் சின்னத் தாளில் எழுதி, ஒவ்வொரு தட்டின் முகப்பிலும் முதல் நாளே ஒட்டிவிடுவார்கள். இந்த வேலையில் செலவே இல்லாத காப்பீடு அது ஒன்றுதான்.

மின்சாரத்துக்கு வருவோம். "நாளை மின்தடை" என்று பேப்பரில் துணைமின் நிலையங்களின் பெயர்ப் பட்டியல் வந்தால் பிரச்சினை இல்லை, தயாராகலாம். சொல்லாமல் போகிற கரண்ட்தான் எமன். டிஸ்க்கில் புதுத் தரவு எழுதியாகிவிட்டது, பேரிட்டி இன்னும் எழுதவில்லை, அந்த இடைவெளியில் மின்சாரம் போகிறது. இப்போது மொய் நோட்டில் வரியும் மொத்தமும் ஒத்துப்போகாது. எது சரி என்று நோட்டுக்குத் தெரியாது. பல மாதம் கழித்து வேறொரு டிஸ்க் செத்து, இந்தத் தப்பான மொத்தத்தை வைத்து மீட்கும்போது குப்பைதான் வரும். இதனால்தான் நல்ல ரெய்டு கார்டுகளில் சின்ன பேட்டரியோ, மின்தேக்கியோ வைத்து, எழுதி முடியாததைப் பிடித்துவைத்து மின்சாரம் வந்ததும் எழுதி முடிக்கிறார்கள்.

யூபிஎஸ் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, அது சர்வரைத் தாங்கும். ஏசி பெரும்பாலும் யூபிஎஸ்ஸில் இருக்காது, ஜெனரேட்டரில்தான் இருக்கும். ஜெனரேட்டர் எடுக்காவிட்டால் என்ன ஆகும்? 60 கன மீட்டர் அறையில் இருக்கும் காற்று ஏறக்குறைய 70 கிலோ. 5 கிலோவாட் இழுக்கும் சர்வர்கள் அந்த 5 கிலோவாட்டையும் வெப்பமாகவே வெளியே தள்ளும். காற்றை மட்டும் கணக்கில் எடுத்தால் நிமிடத்துக்கு நான்கு டிகிரி ஏறும். சுவரும் இரும்பும் கொஞ்சம் இழுத்துக்கொள்வதால் உண்மையில் அவ்வளவு வேகம் இராது. ஆனாலும் சர்வருக்குள் போகும் காற்று 18 முதல் 27 டிகிரிக்குள் இருக்கவேண்டும் என்பது பரிந்துரை. மதுரையில் சித்திரை வெயில் வெளியிலேயே நாற்பதைத் தொடும். ஆகவே யூபிஎஸ் பேட்டரி எத்தனை மணி நேரம் வரும் என்று பெருமைப்படுவதைவிட, ஏசி நின்ற சில நிமிடங்களில் சர்வர்கள் தாமாகவே ஒழுங்காக அணைந்துகொள்ளும்படி வெப்பமானியோடு இணைத்து வைப்பதுதான் புத்திசாலித்தனம்.

சத்தம் போட்டுச் சாகும் டிஸ்க் பரவாயில்லை. பொய் சொல்லும் டிஸ்க்தான் மோசம். ஏதோ ஒரு பிட் 0-வாக இருந்தது 1 ஆகிவிடும்; டிஸ்க் அதை நல்ல தரவு என்றே கொடுக்கும். பேரிட்டி இருந்தாலும் சாதாரண ரெய்டு ஒவ்வொரு முறை படிக்கும்போதும் அதைச் சரிபார்க்காது. கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1899-ல் தொடங்கியது, சூரியப்புள்ளிகளில் வாயு வெளிநோக்கிப் பாய்வதை 1909-ல் எவர்ஷெட் கண்டறிந்தது அங்கேதான். நூறாண்டுக்கும் மேலான கண்ணாடித் தகடுகளையும் படச்சுருள்களையும் அங்கே டிஜிட்டல் ஆக்கியிருக்கிறார்கள். 4096-க்கு 4096 புள்ளி, புள்ளிக்கு 2 பைட் என்றால் ஒரு படமே 32 மெகாபைட். அப்படிப்பட்ட படத்தில் ஒரு புள்ளியின் மதிப்பில் உயர்ந்த பிட் புரண்டால், இல்லாத இடத்தில் ஒரு பொட்டு முளைக்கும். அதைச் சூரியன் செய்ததா, டிஸ்க் செய்ததா என்று எப்படிச் சொல்வது?

செக்சம் சொல்லும். கோப்பு முழுவதையும் ஒரு கணிதச் செயலுக்குள் செலுத்தினால் சின்னதாக ஒரு எண் வரும். கோப்பில் ஒரு பிட் மாறினாலும் அந்த எண் அடையாளம் தெரியாமல் மாறிவிடும். கோப்பு பிறந்த அன்றே இந்த எண்ணைக் குறித்துவைத்து, மாதம் ஒருமுறை எல்லாவற்றையும் படித்து மறுபடி கணக்கிட்டு ஒப்பிட வேண்டும். சன் நிறுவனம் 2005-ல் வெளியிட்ட இசட்எஃப்எஸ் என்ற கோப்பு முறைமை, அதாவது டிஸ்க்கில் கோப்புகளை அடுக்கிவைக்கும் மென்பொருள், படிக்கும்போதெல்லாம் இந்த ஒப்பீட்டைத் தானாகவே செய்கிறது. தவறு கண்டால், பேரிட்டியிலிருந்து சரியானதைக் கணக்கிட்டுத் திருத்தியும் விடுகிறது.

இத்தனையும் இருந்தும், ஒரு நாள் ஆய்வு மாணவி வந்து நிற்பார்.

"சார், அந்த ஃபோல்டரையே காணோம்."

"எப்பம்மா அழிச்சீங்க?"

"நான் அழிக்கலை சார். இடம் பத்தலைன்னு பழசை மட்டும்தான் எடுத்தேன்."

ரெய்டு இங்கே கைவிரித்துவிடும். அழி என்று சொன்னீர்கள், எல்லா டிஸ்க்கிலும் சுத்தமாக அழித்துவிட்டது. இதற்கு மருந்து ஸ்னாப்ஷாட். கோப்பை மாற்றும்போது பழைய இடத்தின் மேல் எழுதாமல், புதியதை வேறிடத்தில் எழுதி, எது எங்கே என்ற பட்டியலை மட்டும் மாற்றுவது. பழைய பட்டியலைத் தூக்கிப் போடாமல் வைத்துக்கொண்டால் நேற்றைய நிலை அப்படியே கிடைக்கும். எடுக்க ஒரு நொடி போதும், தொடக்கத்தில் இடமும் பிடிக்காது. மணிக்கு ஒன்று எடுத்து வைக்காத கம்ப்யூட்டர் மையம் சோம்பேறித்தனம் செய்கிறது என்பேன்.

காப்பவரே அழித்த கதையும் உண்டு. 2021 டிசம்பரில் ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழக சூப்பர்கம்ப்யூட்டரில் சுமார் 77 டெராபைட், 3.4 கோடிக் கோப்புகள் அழிந்தன. அழித்தது பேக்கப் எடுக்கும் நிரலே. பழைய லாக் கோப்புகளை நீக்குவதற்கு அதில் ஒரு கட்டளை இருந்தது. எந்த இடத்தில் நீக்குவது என்பதை ஒரு மாறியிலிருந்து, அதாவது நிரல் ஒரு மதிப்பைப் பெயரிட்டு வைத்திருக்கும் இடத்திலிருந்து, எடுத்துக்கொள்ளும். அந்த நிரல் ஓடிக்கொண்டிருக்கும்போதே, இயந்திரத்தைப் பராமரித்த நிறுவனம் அதன் திருத்திய பதிப்பை மேலேயே எழுதியது. இந்த நிரலை ஓட்டுவது பாஷ் என்ற மென்பொருள். அது நிரலை மொத்தமாகப் படித்து வைத்துக்கொண்டு ஓட்டுவதில்லை. போகப் போகத்தான் படிக்கும். பாதி வழியில் புதிய நிரலின் நடுவிலிருந்து படித்ததால் மாறிக்கு மதிப்பே இல்லாமல் போனது. லாக் கோப்புகளுக்குப் பதில் ஆய்வாளர்களின் கோப்புகள் நீக்கப்பட்டன. 14 ஆய்வுக் குழுக்கள் பாதிக்கப்பட்டன. அவற்றில் 4 குழுக்களின் தரவை மீட்கவே முடியவில்லை.

ஆகவே ஒரு பிரதி வேறு ஊரில், வேறு வகை ஊடகத்தில், வயர் இணைப்பே இல்லாமல் இருக்கவேண்டும். கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் ரான்சம்வேர், கையில் எட்டியதையெல்லாம் பூட்டும்; அலமாரியில் இருக்கும் டேப்பைத் தொடாது. காந்த நாடாவா, இந்தக் காலத்திலா என்று சிரிக்காதீர்கள். எல்டிஓ என்ற டேப் வகையின் ஒன்பதாம் தலைமுறையான எல்டிஓ-9 டேப் ஒன்று 18 டெராபைட் கொள்ளும், உள்ளங்கையில் அடங்கும். விநாடிக்கு 1 கிகாபிட் இணைப்பில் 54 டெராபைட்டைச் சென்னைக்கு அனுப்ப ஐந்து நாள். அதே தரவை மூன்று டேப்பாகப் பையில் போட்டு வைகை எக்ஸ்பிரஸில் ஏறினால் ஏழரை மணி நேரம். விநாடிக்கு 15 கிகாபிட்டுக்கு மேல் வருகிறது. டேப்பில் எழுதுவதற்கே ஒவ்வொன்றுக்கும் பன்னிரண்டரை மணி நேரம் ஆகும் என்பதைக் கணக்கில் சேர்த்தாலும் ரயில்தான் ஜெயிக்கிறது.

டேப்பில் ஒரு சிக்கல் உண்டு. 2015-ல் வந்த எல்டிஓ-7 டிரைவ் தனக்கு முந்தைய இரண்டு தலைமுறை டேப்புகளைப் படிக்கும். அதற்கடுத்த எல்டிஓ-8 ஒரு தலைமுறை மட்டுமே படிக்கும், எல்டிஓ-9-ம் அப்படியே. 2010-ல் எல்டிஓ-5-ல் எழுதியதை இன்று படிக்கப் பழைய டிரைவைத் தேடி அலைய வேண்டும். அதனால் டேப் வைத்திருப்பவர்கள் ஆறேழு வருடத்துக்கு ஒருமுறை எல்லாவற்றையும் புதிய தலைமுறை டேப்புக்கு மாற்றி எழுதிவிடுகிறார்கள். மாற்றும்போது ஒவ்வொரு கோப்பையும் படித்தாக வேண்டும் என்பதால், செக்சத்தை ஒப்பிட்டுப் பார்க்கும் வேலையும் அதோடு சேர்ந்தே முடிந்துவிடுகிறது.