நிராமயா கார்டு: சிபி பசங்களோட தெரபி செலவுக்கும் இன்சூரன்ஸ் இருக்கு

பையனுக்கு சிபி, அதாவது செரிப்ரல் பால்சி (பெருமூளை வாதம்)னு டாக்டர் சொன்ன அன்னிக்கு நாங்க கேட்ட மொத கேள்வி, ஆபரேஷன் பண்ணா சரியாயிடுமா. ஆகாதாம். மூளையில ஆன பாதிப்பு அப்படியேதான் இருக்கும், ஆனா அதனால தசை இறுகி மூட்டு மடங்கிப் போறத முடிஞ்சவரைக்கும் தடுக்கலாம், அதுக்கு பிசியோ, ஆக்குபேஷனல் தெரபி (தினசரி வேலைகள தானா செய்யப் பழக்கறது), ஸ்பீச் தெரபின்னு வருஷக்கணக்கா அலையணும், நடுவுல கால் வளர வளர மாத்தற ஏஎஃப்ஓ (கணுக்கால தாங்கிப் பிடிக்கற பட்டை), சில பசங்களுக்கு இறுகின தசைய தளர்த்தற போட்டாக்ஸ் ஊசி, சிலருக்கு தசைநாண் ஆபரேஷன். எங்க வீட்ல காசு கரைஞ்சது வாரா வாரம் போற தெரபியிலதான். சாதாரண இன்சூரன்ஸ்ல பெட்ல படுத்தாதான் பெரும்பாலும் காசு.

நிராமயா அப்படி இல்ல. 1999 நேஷனல் டிரஸ்ட் சட்டத்துல வர்ற நாலு வகைக்கு, அதாவது ஆட்டிசம், சிபி, அறிவுசார் குறைபாடு, பல்வகை ஊனம் இதுக்கெல்லாம் மத்திய அரசு குடுக்கற காப்பீடு, வருஷத்துக்கு 1 லட்சம் வரைக்கும். சேரும்போது மெடிக்கல் டெஸ்ட் கிடையாது, ஏற்கனவே இருக்கற நோய்னு தள்ளிவிட மாட்டாங்க, வயசு வரம்பும் இல்ல. ஓபி (அட்மிட் ஆகாம பாக்கற) செலவு, தெரபி, ஆபரேஷன் எல்லாம் வரும், ஆனா ஒவ்வொண்ணுக்கும் தனித்தனி உச்சவரம்பு இருக்கு, மொத்த லட்சத்தையும் தெரபிக்கே எடுத்துக்க முடியாது. சேரும்போதே அந்த பட்டியல கேட்டு வாங்கிக்கோங்க.

சேர ஊனச் சான்றிதழ் வேணும். உங்க பக்கத்துல நேஷனல் டிரஸ்ட்ல பதிவு பண்ணின அமைப்பு எதுன்னு பாத்து அவங்க மூலமா ஆன்லைன்ல போடணும். பிபிஎல் (வறுமைக் கோட்டுக்குக் கீழ இருக்கற) குடும்பம்னா 250 ரூபா, மத்தவங்களுக்கு 500. அடுத்தடுத்த வருஷம் புதுப்பிக்க பிபிஎல்னா 50, மத்தவங்களுக்கு 250.

கேஷ்லெஸ் கிடையாது, நாம கட்டிட்டு பில்ல அனுப்பித்தான் வாங்கணும், இங்கதான் நிறைய பேர் கோட்ட விடறோம். எங்களுக்கு ஒரு தெரபி சென்டர்ல மாசாமாசம் துண்டுச் சீட்டுல "பெற்றுக்கொண்டேன்"னு எழுதிக் குடுத்துட்டே இருந்தாங்க, நாங்களும் பத்திரமா பர்ஸ்ல வெச்சிருந்தோம், க்ளெய்ம் போட்டப்போ அது எதுக்கும் ஆகல. புள்ளையோட பேரு, எந்தெந்த தேதி, என்ன தெரபி, சீல், கையெழுத்து இதெல்லாம் இருக்கற ஒரிஜினல் பில்லா கேளுங்க, தெரபி வேணும்னு டாக்டர் எழுதின சீட்டும் கூட வைங்க. மெடிக்கல் ஷாப்ல மெஷின்ல வர்ற பில்லு கொஞ்ச நாள்ல வெளுத்துடும், அன்னிக்கே போட்டோ எடுத்துடுங்க, ஒரிஜினல தள்ளிப்போடாம அனுப்பிடுங்க.

இன்னொண்ணு, நீங்க எந்த மாசம் சேந்தாலும் கார்டு மார்ச் 31-ஓட முடிஞ்சிடும். ஜனவரில சேந்துட்டு ஒரு வருஷம் இருக்குன்னு நெனச்சுக்காதீங்க.

தெரபியையே இலவசமா பாக்கணும்னா ஆர்பிஎஸ்கே (குழந்தைங்க உடல்நலத்துக்கான மத்திய அரசு திட்டம்) கீழ வர்ற மாவட்ட ஆரம்பநிலை தலையீட்டு மையத்துல கேளுங்க, பொறந்ததுல இருந்து 18 வயசு வரைக்கும் பாப்பாங்க. அங்க காத்திருக்க வேண்டி வந்தா அதுவரைக்கும் வெளிய பாக்கற தெரபிக்கு நிராமயாவுல பில்லு போட்டுக்கலாம்.