பாக்டீரியாவின் எண்ணடர்த்தியும் ஆக்கவீதமும்

2016 மார்ச்சில் பெங்களூரு அல்சூர் ஏரியில் ஆயிரக்கணக்கான மீன்கள் செத்து மிதந்தன. எந்த ஏரி கெட்டாலும் "பாக்டீரியா பெருகிவிட்டது" என்றுதான் நாம் பேசுகிறோம், எழுதுகிறோம். பெருகியது எது? தண்ணீரில் இருக்கும் பாக்டீரியாவின் எண்ணிக்கையா, அவை வளர்கிற வேகமா? ஆய்வாளர்கள் இரண்டையும் தனித்தனியாக அளந்து, பாக்டீரியல் அபண்டன்ஸ், பாக்டீரியல் புரொடக்டிவிட்டி என்று தனிப் பெயர்களும் வைத்திருக்கிறார்கள். தமிழில் இரண்டையும் 'பெருக்கம்' என்று எழுதிவிட்டால், ஏரிக்கு என்ன ஆயிற்று என்பதே பிடிபடாது.

முதலில் பாக்டீரியா. கிரேக்கத்தில் சிறு குச்சி என்று பொருள். நுண்ணோக்கியில் குச்சி போலத் தெரிந்ததால் 1828இல் ஏரன்பெர்க் என்ற ஜெர்மானிய அறிஞர் இந்தப் பெயரைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். இதற்கு 'நுண்ணுயிரி' என்று எழுதுவது பழகிவிட்டது. ஆனால் நுண்பாசி, பூஞ்சை, ஒருசெல் விலங்குகள் எல்லாமே நுண்ணுயிரிகள்தான். ஏரியைப் பற்றிப் பேசும்போது பாசியும் பாக்டீரியாவும் எதிரெதிர் வேலை செய்பவை. ஒன்று உணவைத் தயாரிக்கிறது, மற்றது பெரும்பாலும் அதைச் சிதைக்கிறது. அதனால் இங்கே 'பாக்டீரியா' என்றே இருக்கட்டும். இலங்கைத் தமிழ்ப் பாடநூல்கள் 'பற்றீரியா' என்று எழுதுகின்றன, அதுவும் சரி.

அபண்டன்ஸ் லத்தீனில் அலையைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. கரைமீறி வழிதல் என்பது அதன் பழைய பொருள். அகராதியைப் பார்த்து 'மிகுதி', 'ஏராளம்' என்று மொழிபெயர்த்தால் தவறாகிவிடும். அறிவியலில் அது ஒரு மில்லிலிட்டரில் எத்தனை செல்கள் என்ற கணக்கு மட்டுமே. தெளிந்த மலை ஏரிக்கும் அபண்டன்ஸ் உண்டு, அது குறைவாக இருக்கும், அவ்வளவுதான். இதற்கு நான் 'எண்ணடர்த்தி' என்பேன். நீரை வடிகட்டி, செல்லின் டி.என்.ஏ.வில் ஒட்டி ஒளிரும் சாயத்தைச் சேர்த்து, நுண்ணோக்கியில் எண்ணுகிறார்கள். பொதுவாக ஒரு மில்லிலிட்டருக்குப் பத்து லட்சத்தை ஒட்டி இருக்கும். ஊட்டம் மிகுந்த நீரில் கோடியைத் தொடலாம்.

புரொடக்டிவிட்டிக்குப் பாடநூல்கள் தரும் சொல் 'உற்பத்தித்திறன்'. இயற்பியலில் திறன் என்பது ஒரு நொடியில் செய்யும் வேலை, அதாவது ஒரு வீதம். அந்தக் கணக்கில் இது பழுதில்லாத சொல். ஆனால் நடைமுறையில் 'திறன்' என்றால் ஒருவரால் செய்ய முடிகிற அளவு என்றே படிக்கிறோம். இங்கே அளப்பது செய்ய முடிந்ததை அல்ல, செய்ததை: ஒரு லிட்டர் நீரில் ஒரு மணி நேரத்தில் எத்தனை மைக்ரோகிராம் கார்பன் பாக்டீரியாவின் உடலாக மாறியது என்பதை. 'ஆக்கவீதம்' இதைத் தெளிவாகச் சொல்கிறது. வளர்ச்சி, உண்டாக்குதல் இரண்டும் 'ஆக்கம்' என்ற பழந்தமிழ்ச் சொல்லுக்குள் இருக்கின்றன. அளக்கும் முறையிலும் வீதம் இருக்கிறது. 1980இல் ஃபூர்மன், அசாம் என்ற இரு ஆய்வாளர்கள், டி.என்.ஏ.வைக் கட்டப் பயன்படும் தைமிடின் என்ற பொருளில் கதிரியக்க ஹைட்ரஜனைச் சேர்த்து நீரில் கலந்து, குறித்த நேரத்தில் அது எவ்வளவு புதிய டி.என்.ஏ.வுக்குள் போனது என்று பார்த்தார்கள். பிறகு புரதம் உருவாவதை லூசின் என்ற அமினோ அமிலம் கொண்டு அளக்கும் முறையும் வந்தது.

இரண்டும் ஏன் ஒன்றாகப் போவதில்லை? நம்மூர் தர்ஷினி ஓட்டலில் எப்போது பார்த்தாலும் முப்பது பேர் நின்று சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். ஒரு மணி நேரத்தில் எத்தனை பேர் சாப்பிட்டுப் போனார்கள் என்பது அந்த முப்பதிலிருந்து தெரியாது. ஏரியிலும் சாட்டை போன்ற இழையால் நீந்தும் ஒருசெல் கசையிழை உயிர்கள் பாக்டீரியாவைத் தின்கின்றன, வைரஸ்கள் உடைக்கின்றன. பிறப்பதும் சாவதும் ஈடாகிவிட்டால் எண்ணடர்த்தி அசையாது. உள்ளே ஆக்கவீதம் பல மடங்கு ஏறியிருக்கலாம்.

மிதவெப்பமண்டல ஏரியில் இதை ஓட்டுவது பெரும்பாலும் பருவம். குளிர்காலத்தில் பனிக்கட்டிக்கு அடியில் நீர் நான்கு டிகிரிக்குள் கிடக்கும், ஆக்கவீதம் படுத்துவிடும். வசந்தத்தில் பாசி பூத்ததும் அதிலிருந்து கசியும் கரிமப் பொருளைத் தின்று பாக்டீரியா எழும்பும். வெப்பமண்டலத்தில் அந்தக் குளிர் ஓய்வு கிடையாது. மழையும் வந்து சேரும் ஊட்டமும் உப்பும்தான் ஏற்ற இறக்கத்தைத் தீர்மானிக்கின்றன. பழவேற்காட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஏரி என்றே அழைக்கிறோம், ஆனால் அது கடலோடு வாய் திறந்த காயல். வடகிழக்குப் பருவமழையில் ஆரணியாறும் காளங்கியும் நன்னீர் கொட்டும், கோடையில் உப்பு ஏறும். (லகூன், லேக் இரண்டும் லத்தீனில் ஒரே வேர். தமிழில் காயல், ஏரி என்று தனிச் சொற்கள் இருக்கின்றன, ஈழத்தில் களப்பு. அவற்றைக் கலக்காமல் எழுதலாமே.)

வெப்பம் கூடினால் ஆக்கவீதமும் அதே அளவில் கூடும் என்று நினைத்துவிடக் கூடாது. சூடான நீரில் பாக்டீரியா தின்றதில் பெரும்பங்கைச் சுவாசித்தே தீர்த்துவிடுகிறது. உடலாக மாறும் பங்குக்கு 'வளர்ச்சிப் பங்கு' என்று பெயர் வைக்கலாம். மிதவெப்பமண்டல நன்னீரோடு ஒப்பிட்டால் வெப்பமண்டல நன்னீரில் இந்தப் பங்கு குறைவு என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. மீன்களுக்கு ஆபத்து இங்கேதான். கடல்மட்டத்தில் பத்து டிகிரி நன்னீர் லிட்டருக்குச் சுமார் 11 மில்லிகிராம் ஆக்ஸிஜனைப் பிடித்துவைக்கும். இருபத்தைந்து டிகிரியில் சுமார் 8 தான். பெங்களூரு 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால் இன்னும் குறையும். அதில் கழிவுநீரும் கலந்தால், அதைச் சிதைக்கும் பாக்டீரியாவின் மூச்சுக்கே இருக்கிற ஆக்ஸிஜன் போய்விடும். ஆகவே மீன் செத்த ஏரியைப் பற்றி எழுதும்போது எண்ணடர்த்தி, ஆக்கவீதம், சுவாச வீதம் மூன்றில் எது அளக்கப்பட்டது என்று கேட்டு, அந்தச் சொல்லையே போடுங்கள்.