பிரான்சின் பயிற்சிக் கணக்கு: சேர்ந்த பணத்தை இழக்காமல் பயன்படுத்துவது எப்படி

பிரான்சில் சம்பளச் சீட்டுடன் வேலை செய்யும் ஒவ்வொருவருக்கும் 'சே.பே.எஃப்.' (CPF) எனப்படும் பயிற்சிக் கணக்கு ஒன்று உண்டு; அதில் சேரும் பணத்தைப் பயிற்சி வகுப்புகளின் கட்டணத்துக்குப் பயன்படுத்தலாம். தொழில்கள் மாறும்போது புதிய தொழில் பழகும் உரிமை முதலாளியின் தயவில் தங்கியிருக்கக் கூடாது என்பதற்காக 2015இல் தொடங்கப்பட்ட இது, தனியார் துறையில் வேலை செய்பவர்களுக்கு 2019 முதல் யூரோவில் கணக்கிடப்படுகிறது. அரைநேரமோ அதற்கு மேலோ வேலை செய்பவருக்கு ஆண்டுக்கு 500 யூரோ சேரும், உச்சவரம்பு 5,000. உணவகங்களிலும் துப்புரவு வேலையிலும் ஆண்டுக்கணக்காக உழைத்த தமிழர்கள் பலர் இதில் ஒரு யூரோவைக்கூடத் தொட்டதில்லை என்பதும், தொட்டவர்களில் சிலர் ஏமாற்றுக்காரர்களிடம் முழுவதையும் பறிகொடுத்தார்கள் என்பதும்தான் இதை எழுதக் காரணம்.

'காப்' எனப்படும் அடிப்படைத் தொழிற்சான்றிதழ் அளவுக்குக்கூடத் தகுதிச் சான்று இல்லாதவருக்கு ஆண்டுக்கு 800 யூரோ, உச்சவரம்பு 8,000 என்பது சட்டம். ஆனால் அது தானாக வந்து சேராது. தம்மிடம் அந்தச் சான்று இல்லை என்று கணக்குக்குள் சென்று அவரேதான் அறிவிக்க வேண்டும். யாருக்கு இந்த உதவி மிகவும் தேவையோ, அவரைத்தான் பிரெஞ்சுப் படிவத்தைத் தேடிப் பிடிக்க வைத்திருக்கிறார்கள்.

இன்னொரு இழப்பு வேலையிடத்திலேயே தொடங்குகிறது. வாரம் 50 மணி நேரம் அடுப்படியில் நின்றாலும், சீட்டில் 10 மணி நேரம் எழுதி மீதியைக் கையில் காசாகக் கொடுத்தால், அந்த 10 மணி நேரத்துக்குரிய விகிதத்தில்தான் பணம் சேரும். முழுவதும் பதிவில்லாத வேலைக்கு எதுவும் சேராது.

கணக்கைத் திறக்க 'ஃப்ரான்ஸ் கொனெக்ட் ப்ளூஸ்' என்ற உயர்பாதுகாப்பு அடையாள முறை வேண்டும். அதற்குப் பலர் அஞ்சலகத்தின் மின்னணு அடையாளத்தைப் பெறுகிறார்கள். நம்மவர்கள் பெரும்பாலும் தடுக்கி விழும் இடம் இதுதான். தகப்பன் பெயர் ஓரிடத்தில் குடும்பப் பெயராகவும் இன்னோரிடத்தில் முதற்பெயராகவும் பதிவாகியிருந்தாலோ, பிறந்த தேதி மாறியிருந்தாலோ, சமூகக் காப்பு எண் இன்னும் தற்காலிகமானதாகவே இருந்தாலோ, திரை மறுத்துவிடும். ஏன் என்று சொல்லாது. கணக்கை நடத்தும் அலுவலகத்தைக் கேட்டால் அடையாளச் சேவையைக் கேட்கச் சொல்வார்கள், அங்கே கேட்டால் சமூகக் காப்பு அலுவலகத்தைக் காட்டுவார்கள். இந்தச் சுற்றில் நாட்களைக் கரைக்காமல், பிறப்புச் சான்றையும் வதிவிட அட்டையையும் எடுத்துக்கொண்டு நேரே சமூகக் காப்பு அலுவலகத்துக்குச் சென்று, எழுத்தில் திருத்தம் கேளுங்கள். கொடுத்ததற்கான பற்றுச்சீட்டை வாங்காமல் திரும்பாதீர்கள்.

உங்கள் கணக்கைப் பற்றிப் பேச யாராவது தாமாகத் தொலைபேசியில் அழைத்தால், எவ்வளவு நல்ல தமிழில் பேசினாலும், உடனே துண்டித்துவிடுங்கள். 2022 டிசம்பர் 19ஆம் தேதிச் சட்டப்படி தொலைபேசி, குறுஞ்செய்தி, மின்னஞ்சல், சமூக ஊடகம் வழியாக இப்படி ஆள்பிடிப்பது தடைசெய்யப்பட்டிருக்கிறது. "இந்த ஆண்டு முடிவதற்குள் எடுக்காவிட்டால் பணம் போய்விடும்" என்பது பச்சைப் பொய். வேலை மாறினாலும் இழந்தாலும் அது ஓய்வுபெறும்வரை உங்கள் கணக்கிலேயே இருக்கும். கைத்தொலைபேசி பரிசு, பாதிப் பணம் கையில் என்று சொல்லிச் சமூகக் காப்பு எண்ணையும் கடவுச்சொல்லையும் கேட்பவரிடம் கொடுத்தால், நீங்கள் கால் வைக்காத ஒரு வகுப்பின் பேரில் கணக்கு காலியாகிவிடும்.

மொழி வகுப்புக்கு இந்தப் பணத்தைச் செலவிடுபவர்கள் இப்போது இரட்டிப்புக் கவனமாக இருக்க வேண்டும். 2024ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டத்தின்படி, 2026 ஜனவரி 1 முதல் பல்லாண்டு வதிவிட அட்டைக்கு ஆ2 (A2), பத்தாண்டு வதிவிட அட்டைக்கு பே1 (B1), குடியுரிமைக்கு பே2 (B2) நிலை பிரெஞ்சு தேவைப்படுகிறது. பயிற்சிக் கணக்கு பணம் கொடுக்கும் எல்லா மொழிச் சான்றிதழ்களையும், வதிவிட அட்டை வழங்கும் அரசு அலுவலகமான பிரெஃபெக்சூர் ஏற்பதில்லை. வகுப்பின் இறுதியில் எழுதப்போவது தே.சே.எஃப். (TCF), தே.எஃப். (TEF), தெல்ஃப் (DELF) போன்று அங்கே ஏற்கப்படும் தேர்வா என்பதைப் பயிற்சி நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு வாங்கிய பிறகே பதியுங்கள். ஆண்டுகளாகச் சேர்ந்த பணத்தைச் செலவழித்து, ஏற்கப்படாத காகிதத்தோடு வரிசையில் நிற்கும் நிலை யாருக்கும் வரக் கூடாது.

"முதலாளி விடமாட்டார்" என்று ஒதுங்குபவர்களும் உண்டு. வேலை நேரத்துக்கு வெளியே படிக்க அவர் அனுமதியே தேவையில்லை. வேலை நேரத்தில் என்றால், ஆறு மாதத்துக்குக் குறைவான வகுப்புக்கு 60 நாட்களும், அதற்கு மேற்பட்டதற்கு 120 நாட்களும் முன்னதாகப் பதிவுத் தபாலில் கேளுங்கள். 30 நாட்களுக்குள் பதில் வராவிட்டால் சம்மதம் என்றே பொருள்.

2024 மே 2 முதல், பதிபவர் தம் கையிலிருந்தும் ஒரு தொகை கட்ட வேண்டும்; 100 யூரோவில் தொடங்கிய அது பிறகு உயர்ந்திருக்கிறது. அரசின் வேலைவாய்ப்பு அலுவலகமான ஃப்ரான்ஸ் திராவாயில் வேலை தேடுபவராகப் பதிந்திருப்பவருக்கு இது இல்லை. ஆகவே வேலை போனவர்கள் அங்கே பதிந்த பிறகே வகுப்பை உறுதிசெய்வது நல்லது. உறுதிசெய்த பின் மனம் மாறினால் 14 நாட்களுக்குள் விலகலாம். காரணமின்றி இடையில் நின்றுவிட்டால் பணம் திரும்பாது. திரையில் தனியாகப் போராட முடியாதவர்கள் அரசு அலுவல்களில் உதவும், அருகிலுள்ள 'ஃப்ரான்ஸ் செர்விஸ்' நிலையத்துக்கு அடையாள அட்டை, சமூகக் காப்பு எண், கடைசிச் சம்பளச் சீட்டு, உங்கள் பெயரில் உள்ள கைத்தொலைபேசி ஆகியவற்றுடன் செல்லுங்கள். அங்கே உதவி இலவசம். வேறெவருக்கும் இதற்காகக் காசு கொடுக்காதீர்கள்.