பீலியில் இல்லாத நீலம்

காரைக்குடி வீட்டில் அப்பத்தாவின் பெட்டகத்தை ஒழித்தபோது ஒரு கண்டாங்கிச் சேலை கிடைத்தது. மடிப்புக்குள் ஒரு மயிற்பீலி. வீட்டில் யாரோ பழனிக்குக் காவடி எடுத்துப் போனபோது வந்ததாக இருக்கும். சேலையின் அரக்கு மடிப்போரமெல்லாம் வெளுத்துவிட்டது. பீலியின் கண் மட்டும் நேற்று உதிர்ந்த மாதிரி மின்னியது.

வளவு வாசலில் நின்று, பீலியை வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். நீலத்தைக் காணோம்; மூக்குப்பொடி நிறம்தான் தெரிந்தது. வெளிச்சம் என் முதுகுப் பக்கம் இருக்கும்படி திரும்பி நின்றால் நீலம் வந்துவிடுகிறது. பீலி நனைந்தால் நிறம் போய்விடும் என்று ஆங்கிலேய விஞ்ஞானி ராபர்ட் ஹூக் 1665இலேயே எழுதி வைத்திருக்கிறார்.

ஆத்தங்குடிக் கல்லின் சிவப்பு அப்படி ஏமாற்றாது. அதில் இரும்பு ஆக்சைடு என்ற சாயப்பொருள் இருக்கிறது. உடைத்தாலும் அரைத்தாலும் சிவப்புதான். பீலியில் நீலச்சாயம் துளியும் கிடையாது. உள்ளே இருப்பது மெலனின், நம் தலைமுடியைக் கறுப்பாக்கும் அதே பொருள். அது நுண்ணிய குச்சிகளாக, சன்னல் கம்பி போல இடைவெளி பிசகாமல் அடுக்கப்பட்டிருக்கிறது. ஷாங்காயின் ஃபுடான் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2003இல் அந்த இடைவெளியை அளந்து சொன்னார்கள்: நீலப் பகுதியில் சுமார் 140 நானோமீட்டர், பச்சையில் 150, மஞ்சளில் 165. ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் கூறாக்கினால் ஒரு கூறுதான் நானோமீட்டர். ஒவ்வொரு அடுக்கிலும் கொஞ்சம் ஒளி திரும்புகிறது. அப்படித் திரும்பும் அலைகளில் எந்த நிறத்துக்கு முகடும் முகடும் ஒத்துப்போகிறதோ, அது மட்டும் வலுத்துக் கண்ணுக்கு வருகிறது.

இதையே ஆய்வுக்கூடத்தில் செய்யச் சாயத்தொட்டி வேண்டாம், உருண்டை போதும். 1968இல் ஸ்டோபரும் கூட்டாளிகளும் சொன்ன முறை இன்றும் நடைமுறையில் இருக்கிறது: ஆல்கஹால், தண்ணீர், அம்மோனியாவோடு ஒரு சிலிக்கான் சேர்மத்தைக் கலந்தால் ஒரே அளவான நுண்ணிய சிலிக்கா (மணலில் இருக்கும் பொருள்) உருண்டைகள் திரளும். அவற்றைத் தண்ணீரில் கலந்து, கண்ணாடியில் ஒரு சொட்டு விட்டு மெல்ல உலரவிட்டால், டப்பாவில் குலுக்கிய சீடை மாதிரி தாமாகவே நெருங்கி அடுக்கிக்கொள்ளும். கிடைக்கும் நிறத்தின் அலைநீளம் உருண்டை விட்டத்தைப் போல ஏறக்குறைய 2.2 மடங்கு. 200 நானோமீட்டர் உருண்டை நீலம் தரும், 250 பச்சை, 290 சிவப்பு. ஓப்பல் கல் மின்னுவதும் இதே அடுக்கால்தான். ஆனால் சீடை ஒன்று பெரிசும் ஒன்று சிறிசுமாக இருந்தால் காரியம் கெட்டது. பால் வெள்ளைதான் மிஞ்சும். அவசரமாக உலர்த்தினால் கோடைக் கண்மாய் மாதிரி வெடிப்பு விடும்.

இன்னொரு தந்திரம் கறுப்பு. வண்டி சிந்திய எண்ணெய் நனைந்த தார் ரோட்டில் வானவில்லாகத் தெரியும், வெள்ளைத் தரையில் அவ்வளவு எடுக்காது. சிதறி வரும் மற்ற ஒளியையெல்லாம் கறுப்பு விழுங்கிவிடுவதுதான் காரணம். அதனால் உருண்டைகளோடு ஒரு சிட்டிகை கரித்தூள் சேர்க்கிறார்கள். மயிலுக்கு மெலனினே அடுக்காகவும் கறுப்பாகவும் இருந்து இரண்டு வேலையும் பார்த்துவிடுகிறது. என் கண்ணுக்கு மயிலின் கெட்டிக்காரத்தனம் இங்கேதான்.

ஒழுங்கான அடுக்கில் ஒரு தொல்லை உண்டு: சாய்த்துப் பார்த்தால் நிறம் நீலத்தின் பக்கம் நகரும். சேலைக்கு இப்படி நிறம் ஏற்ற நினைத்தால் அது ஆகாது, நடக்க நடக்க நிறம் மாறும். அதற்குப் பனங்காடையிடம் போக வேண்டும். மின்கம்பியில் உட்கார்ந்திருக்கும் அந்தப் பறவையின் சிறகை சி.வி. ராமனே 1930களில் ஆராய்ந்திருக்கிறார். அந்தச் சிறகுக்குள் அடுக்கு கிடையாது, கடற்பஞ்சு போன்ற அமைப்பு. துளைகளின் சராசரி அளவு மட்டும் பிசகாது. எந்தக் கோணத்திலும் கிட்டத்தட்ட ஒரே நீலம். உருண்டைகளை வேண்டுமென்றே தாறுமாறாகக் குவித்து ஆய்வுக்கூடத்திலும் இதைச் செய்துவிட்டார்கள்.

அந்தக் குவியலில் நீலம் சுலபமாக வருகிறது, பச்சையும் வந்துவிடும். சிவப்புதான் மல்லுக்கு நிற்கிறது. சிவப்புக்கான பெரிய உருண்டை ஒவ்வொன்றும் தன் பங்குக்கு நீலத்தையும் சிதறடிப்பதால், கண்ணுக்கு ஊதா தட்டிவிடுகிறது. பறவைகளுக்கும் இது வசப்பட்டதாகத் தெரியவில்லை. கிளியின் கழுத்துச் சிவப்பு சாயப்பொருள்தான். அப்பத்தா சேலையின் அரக்குக்கு இப்போதைக்குச் சாயத்தொட்டிதான் கதி.