இயந்திரத்தில் கை சிக்கினால்: இ.எஸ்.ஐ. திட்டத்தில் தொழிலாளிக்கு உள்ள உரிமைகள்

பவர் பிரஸ்ஸிலோ லேத்திலோ கை சிக்கிக் காயமடையும் தொழிலாளிக்கு, இ.எஸ்.ஐ. எனப்படும் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுத் திட்டம் சிகிச்சையோடு, வேலைக்குப் போக முடியாத நாட்களுக்கான வருமானத்தையும் தருகிறது. நோய்க்கால உதவித்தொகைக்குக் குறைந்தது 78 நாட்களுக்குச் சந்தா செலுத்தப்பட்டிருக்க வேண்டும். பணியிட விபத்துக்கு அந்த நிபந்தனை கிடையாது. காப்பீட்டுக்கு உட்பட்ட வேலையில் சேர்ந்த முதல் நாளே விரல் நசுங்கினாலும் உரிமை உண்டு.

விபத்து நடந்தவுடன் மேற்பார்வையாளரிடம் தெரிவித்து, விபத்துப் பதிவேட்டில் எழுதச் செய்ய வேண்டும். எந்தக் கை, எந்த விரல், எந்த இயந்திரம் என்பவை அதில் தெளிவாக இருக்க வேண்டும். நிர்வாகம் 24 மணி நேரத்துக்குள் படிவம் 12-இல் விபத்து அறிக்கை அனுப்பக் கடமைப்பட்டது.

கைக் காயத்தில் வெளியே தெரிவது குறைவு. சிறிய வெட்டுதானே என்று தோலை மட்டும் தைத்து அனுப்பிவிட்டால், உள்ளே அறுந்துபோனது தெரியாமலே போய்விடும். விரலின் நடுப்பகுதியைப் பிடித்துக்கொண்டு நுனியை மட்டும் மடக்கச் சொல்லும்போது அது மடங்கவில்லை என்றால், ஆழத்தில் உள்ள தசைநாண் (தசையை எலும்போடு இணைக்கும் நாண்) அறுந்திருக்கலாம். விரலின் ஒரு பக்கம் மட்டும் மரத்துப் போயிருந்தால், நரம்பு அறுந்திருக்கலாம். இந்த அறிகுறிகளைச் சொல்லி, கை அறுவை சிகிச்சை நிபுணருக்குப் பரிந்துரைக் கடிதம் தருமாறு இ.எஸ்.ஐ. மருத்துவரிடம் அன்றே கேளுங்கள். வாரங்கள் கடந்தால் தசைநாணின் முனைகள் உள்ளிழுத்துக்கொண்டு, நேரடியாக இணைப்பது கடினமாகிவிடும். விரல் துண்டாகிவிட்டால், அதை ஈரமான சுத்தத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் இட்டு மூடி, அந்தப் பையைப் பனிக்கட்டி கலந்த நீரில் வைத்து உடனே கொண்டு செல்ல வேண்டும். பனிக்கட்டி விரலில் நேரடியாகப் படக்கூடாது.

இத்திட்டத்தில் பலரும் முழுமையாகப் பயன்படுத்தாத பகுதி, தற்காலிக ஊன உதவித்தொகை. விபத்து நாளைத் தவிர்த்துக் குறைந்தது 3 நாட்கள் வேலை செய்ய இயலாதவருக்கு, சராசரித் தினக் கூலியில் 90 சதவீதம், மருத்துவர் சான்றளிக்கும் காலம் முழுவதும் கிடைக்கும். தைத்த தசைநாண் பழைய வலுவைப் பெற ஏறத்தாழ 12 வாரங்கள் ஆகும். கூலி போய்விடுமே என்ற கவலையில் நான்காம் வாரமே கையை அசையாமல் பிடிக்கும் பட்டையைக் கழற்றிவிட்டு மூட்டை தூக்கினால், தைத்த தசைநாண் மீண்டும் அறுந்துவிடலாம். சான்றிதழ் உள்ள வரை ஓய்வும் இயன்முறைப் பயிற்சியும் உங்கள் உரிமை; இந்த உதவித்தொகை பெறும் காலத்தில் நிர்வாகம் உங்களை வேலையிலிருந்து நீக்கக்கூடாது. அந்த நாட்களில் நீங்கள் வேறெங்கும் கூலிக்கு வேலை செய்யக்கூடாது என்பதும் விதி.

சிகிச்சை முடிந்த பிறகும் குறை நீடித்தால், மருத்துவக் குழுவின் மதிப்பீட்டைக் கோரலாம். அதன் அடிப்படையில் நிரந்தர ஊன உதவித்தொகை கணக்கிடப்படும். சட்டத்தின் அட்டவணை, கட்டை விரல் இழப்புக்கு 30 சதவீதம், சுட்டு விரல் முழுவதும் இழந்தால் 14 சதவீதம், ஒரு கையின் நான்கு விரல்களும் போனால் 50 சதவீதம் என வருமானத் திறன் இழப்பை வரையறுக்கிறது. விரல் இருந்தும் மடங்காமல் விறைத்துப் போனவர்களுக்கு அட்டவணையில் நேரடியான சதவீதம் இல்லாததால், மருத்துவக் குழுவே அளவை முடிவு செய்யும். ஆகவே, எந்த மூட்டு எவ்வளவு மடங்குகிறது, பிடிப்பு வலு எவ்வளவு குறைந்திருக்கிறது என்று அறுவை சிகிச்சை நிபுணர் எழுதிய குறிப்புகளையும் எக்ஸ்ரே படங்களையும் அன்று கையோடு எடுத்துச் செல்லுங்கள்.