கடைசிப் பக்கங்களைப் பிள்ளைகளிடமிருந்து மறைக்காதீர்கள்

இந்த மாதமும் ஒரு புத்தகம் அப்படித்தான் திரும்பி வந்தது. இரண்டாம் உலகப் போரில் நாஜிகளுக்குப் பயந்து ஒளிந்து வாழ்ந்த யூதச் சிறுமி ஆன் ஃபிராங்கின் நாட்குறிப்பு. கடைசியில் இருக்கும் பின்னுரைப் பக்கங்களை ஒன்றாகச் சேர்த்து ஸ்டேப்ளர் பின் அடித்திருந்தார்கள். உற்றுப் பார்த்தால் பக்கத்திலேயே பழைய ஓட்டைகள். வீட்டில் மறைத்திருக்கிறார்கள், பிள்ளை பின்னைப் பிடுங்கிப் படித்திருக்கிறது, மறுபடி அடித்து வைத்திருக்கிறது. படித்ததைப் பற்றி யாரிடமும் கேட்கவும் முடியாமல் போயிருக்கிறது.

பள்ளி நூலகத்தில் வேலை பார்க்கிறவள் என்பதால் இந்த வாக்கியம் எனக்கு மனப்பாடம்: "மேடம், சண்டை, சாவு எல்லாம் இந்த வயசில் எதுக்கு?" ஐயா, அம்மா, முதலில் அந்தப் புத்தகத்தைப் படியுங்கள். அதில் நிறைந்திருப்பது சாவு இல்லை. 1942 ஜூலையிலிருந்து 1944 ஆகஸ்ட் வரை எட்டுப் பேர் ஆம்ஸ்டர்டாமில் ஓர் அலுவலகத்தின் பின்கட்டில் ஒளிந்து வாழ்ந்த வாழ்க்கை. அம்மாவோடு சண்டை, அழுகின உருளைக்கிழங்கு, பகலில் கீழே ஆட்கள் வேலை பார்க்கும்போது சத்தமில்லாமல் நடப்பது. எழுதும் மேஜை வாரத்தில் இரண்டு மாலை தனக்கு வேண்டும் என்று, தன் அறையைப் பங்கிடும் பெரியவரிடம் ஆன் மல்லுக்கட்டுகிறாள். ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு இது புரியாதா? அவர்கள் வீட்டிலும் இதே சண்டைதான்.

இன்னொன்று, தைரியம் என்றதும் துப்பாக்கி தூக்கிய வீரனைத்தான் காட்டுகிறோம். இந்த எட்டுப் பேருக்கும் சோறு போட்டது ஆனின் அப்பா ஓட்டோ ஃபிராங்கின் அலுவலக ஊழியர்கள். மாட்டினால் என்ன ஆகும் என்று தெரிந்தே செய்தார்கள். அவர்களில் ஒருவரான மீப் கீஸ் சனிக்கிழமை தோறும் நூலகப் புத்தகங்களும் கொண்டு வருவார். (இந்த இடம் வந்தால் நான் எப்போதும் கொஞ்சம் நிறுத்திவிட்டுத்தான் மேலே படிப்பேன்.) எல்லாரையும் பிடித்துக்கொண்டு போன பிறகு, சிதறிக் கிடந்த நாட்குறிப்புத் தாள்களை எடுத்து மேஜை இழுப்பறையில் பத்திரப்படுத்தியவரும் அவரே. இந்தத் தைரியத்தைப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்க இதைவிட நல்ல புத்தகம் எனக்குத் தெரியாது.

சரி, முடிவு? நாட்குறிப்பு 1944 ஆகஸ்ட் 1-ஆம் தேதியோடு நின்றுவிடுகிறது. மூன்று நாள் கழித்துக் கைது. அடுத்த ஆண்டுத் தொடக்கத்தில், 15 வயதில், ஜெர்மனியில் நாஜிகளின் பெர்கன்-பெல்சன் வதை முகாமில் ஆன் இறந்துபோனாள். எட்டுப் பேரில் பிழைத்தவர் அவள் அப்பா மட்டும். இது பின்னுரையில்தான் இருக்கிறது. நீங்கள் மறைத்தால், 'அப்புறம் என்ன ஆச்சு' என்ற கேள்வியோடு பிள்ளை தூங்காமல் கிடக்கும், அல்லது யூடியூபில் தேடும். அங்கே வரும் முகாம் படங்கள் அந்தப் பின்னுரையைவிட எத்தனையோ மடங்கு கொடியவை.

முடிவை மாற்றிச் சொல்வதும் வேண்டாம். ஆயிரம் காகிதக் கொக்கு மடித்தால் நினைத்தது நடக்கும் என்பது ஜப்பானில் ஒரு நம்பிக்கை. ஹிரோஷிமா குண்டு வீச்சில் தப்பி, ரத்தப் புற்றுநோயால் 1955-இல் 12 வயதில் இறந்த சடாகோ சசாகி, 644 காகிதக் கொக்குகளோடு நின்றுவிட்டாள் என்று 1977-இல் வந்த ஆங்கிலக் கதை சொல்கிறது. அவள் ஆயிரத்தைத் தாண்டி மடித்தாள் என்கிறார் அவளுடைய அண்ணன். 'ஆயிரம் முடித்திருந்தால் பிழைத்திருப்பாள்' என்று வகுப்பில் சொல்லாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். வீட்டில் பாட்டி ஆஸ்பத்திரியில் இருக்கும் பிள்ளை அதை அப்படியே நம்பிக் காகிதம் மடிக்கத் தொடங்கும்.

செய்ய வேண்டியது அதிகமில்லை. நீங்கள் முதலில் படியுங்கள். அட்டையில் குழந்தை படம் இருக்கிறதே என்று ஆறு வயதுக்குக் கொடுக்காதீர்கள். ஆனின் முழு நாட்குறிப்புக்கு 12 வயது ஆகட்டும். படுக்கப் போகும் நேரத்தில் வேண்டாம், பகலில், நீங்கள் வீட்டில் இருக்கும்போது. கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள், உண்மையைச் சொல்லுங்கள். தெரியாவிட்டால் "சேர்ந்து பார்ப்போம்" என்றால் போதும். பாதியில் மூடி வைத்தால் விட்டுவிடுங்கள், தைரியசாலியாக இரு என்று நெருக்காதீர்கள்.

ஆசிரியர்களுக்குத் தனியாக ஒன்று. உங்கள் வகுப்பில் இலங்கைத் தமிழர் முகாமிலிருந்து வரும் பிள்ளை இருக்கலாம். இந்தப் புத்தகம் நடத்தும் நாளில் அந்தப் பிள்ளையை எழுப்பி, "உங்க வீட்டுக் கதையைச் சொல்லு" என்று கேட்காதீர்கள். எல்லார் முன்னாலும் பார்வையை அதன் பக்கம் திருப்பவும் வேண்டாம். தானாக வந்து பேசினால் உட்கார வைத்துக் கேளுங்கள். பேசாவிட்டால் புத்தகத்தை மட்டும் கொடுத்து அனுப்புங்கள்.