ஐந்து நூல்கள், ஒரே சாட்சி: ஜிப்சி ஜாஸ் வரலாற்றைத் தேடுவோருக்கு

ஜிப்சி ஜாஸ் (1930-களில் பாரிஸில் கிதாரையும் வயலினையும் மையமாகக் கொண்டு உருவான ஜாஸ் வகை) பற்றிய புதிய நூல் ஒன்று எங்கள் நூலகத்தின் இசைப் பிரிவுக்கு வந்தால், நான் முதலில் புரட்டுவது அந்த இசையின் முன்னோடியான கிதார் கலைஞர் ஜாங்கோ ரெய்ன்ஹார்ட்டின் இடது கையைப் பற்றிய பக்கத்தைத்தான். 1928-இல், பாரிஸ் நகர விளிம்பில் நின்றிருந்த அவருடைய வண்டி வீட்டில், மனைவி விற்பனைக்காகச் செய்து வைத்திருந்த செல்லுலாய்டு பூக்களில் மெழுகுவர்த்தியின் நெருப்புப் பற்றிக்கொள்ள, அவர் கடுமையான தீக்காயங்களுக்கு ஆளானார். மோதிர விரலும் சுண்டு விரலும் சுருங்கி மடங்கிப்போயினவே தவிர, அவை துண்டிக்கப்படவில்லை. சில சுரக்கட்டுகளை (பல சுரங்களை ஒன்றாக ஒலிக்கும் ‘கார்டு’களை) அழுத்த அவற்றையும் அவர் பயன்படுத்தினார் என்பதை இசை ஆய்வாளர் பெஞ்சமின் கிவன் தமது ஆய்வில் விரிவாகக் காட்டியிருக்கிறார். ஆகவே, ‘இரண்டு விரல்களை இழந்த மேதை’ என்று ஒரு நூல் தொடங்கினால், அதன் ஆசிரியர் மற்றவர் எழுதியதைப் பார்த்து எழுதியிருக்கிறார் என்ற ஐயம் எனக்கு எழுந்துவிடும்.

இந்தச் சோதனையை நான் கற்றுக்கொண்டது ஓர் ஏமாற்றத்திற்குப் பிறகுதான். அழகான அட்டையையும் கவர்ச்சியான தலைப்பையும் நம்பி வாங்கிய நூல் ஒன்று வந்து சேர்ந்தபோது, அதில் அடிக்குறிப்பு இல்லை, சொல்லடைவு இல்லை. பத்தி பத்தியாக இணையக் கலைக்களஞ்சியத்தின் வாசகங்கள்தான் இருந்தன. கேட்கும்போது மட்டும் அச்சிட்டு அனுப்பப்படும் இத்தகைய நூல்கள் இத்துறையில் பெருகியுள்ளன. எனவே, வாங்குவதற்கு முன் கடைசிப் பத்துப் பக்கங்களையாவது பார்த்துவிடுமாறு மாணவர்களிடம் வற்புறுத்திச் சொல்கிறேன்.

ஆனால் இதைவிட நுட்பமான சிக்கல் நல்ல நூல்களிலேயே இருக்கிறது. ஜாங்கோவின் வாழ்க்கையைப் பற்றி நாம் படிக்கும் கதைகளில் பெரும்பகுதி, சார்ல் தெலோனே என்ற ஒரே மனிதரின் வழியாக வந்தது. ஓவியர்களான ரொபேர், சோனியா தெலோனே இணையரின் மகனான அவர், பாரிஸின் ஹாட் கிளப் என்ற ஜாஸ் ரசிகர் சங்கத்தை நடத்தியவர்களுள் ஒருவர். 1936-இல் வெளிவந்த ஜாஸ் இசைத்தட்டுப் பட்டியலைத் தொகுத்தவர். 1937-இல் தொடங்கிய ‘சுவிங்’ இசைத்தட்டு நிறுவனத்தின் பொறுப்பாளர்களுள் ஒருவர். 1953-இல் ஜாங்கோ இறந்த மறு ஆண்டே அவரைப் பற்றிய நினைவுகளை நூலாக்கினார். நண்பராகவும் தொழில் ஏற்பாட்டாளராகவும் வரலாற்றாசிரியராகவும் ஒருவரே அமைந்துவிட்டதால், பிற்கால நூல்கள் ஐந்து ஒரே நிகழ்ச்சியை ஒரே விதமாகச் சொன்னாலும், அவற்றை ஐந்து சான்றுகளாக எண்ணிவிடலாகாது. அடிக்குறிப்புகளைப் பின்தொடர்ந்து போனால் ஐந்தும் தெலோனேயின் வீட்டு வாசலில் போய் நிற்கும்.

மறுபுறத்தில், ஜாங்கோவின் சொந்தச் சமூகத்தாரின் சாட்சியம் ஏன் இவ்வளவு அரிதாக இருக்கிறது என்ற கேள்விக்கு மானிடவியலாளர் பத்ரீக் வில்லியம்ஸின் எழுத்துகளில் விடை உண்டு. ஜாங்கோ பிறந்த மானூஷ் சமூகத்தில் (பிரான்ஸில் வாழும் ரோமானி மக்களின் ஒரு பிரிவு), இறந்தவரின் உடைமைகளை எரித்துவிடுவதும், அவர் பெயரை உச்சரிக்காமல் இருப்பதும் அவருக்குச் செய்யும் மரியாதை என்பதை வில்லியம்ஸ் 1993-இல் வெளிவந்த நூலில் விளக்கினார். கடிதப் பெட்டியும் நாட்குறிப்பும் தேடிப் போகும் ஆய்வாளருக்கு அங்கே கிடைப்பது மௌனம்தான். அந்த மௌனத்தைத் தகவலின்மை என்று பதிவு செய்வது தவறு. (‘மானூஷ்’ என்ற சொல்லுக்கு அவர்கள் மொழியில் மனிதர் என்றே பொருள், நாம் பேச்சில் சொல்லும் ‘மனுஷன்’ என்ற வடசொல்லின் உறவுதான் அது.)

தொடக்க வாசிப்புக்கு மைக்கேல் டிரெக்னி 2004-இல் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகப் பதிப்பகத்தின் வழியாக வெளியிட்ட வாழ்க்கை வரலாற்றையே நான் எடுத்துக் கொடுக்கிறேன். நடை சில இடங்களில் நாவலைப் போல ஓடுகிறது. அங்கெல்லாம் வேகத்தைக் குறைத்துக்கொண்டு, சான்று தரப்பட்டிருக்கிறதா என்று பார்த்துப் படிக்க வேண்டும். தேதிகளைச் சரிபார்க்கப் பால் வெர்னன் 2003-இல் தொகுத்த இசைத்தட்டு வரலாறும், 20 தொகுதிகளாக வெளிவந்த முழுமையான ஒலிப்பதிவுத் தொகுப்புடன் வரும் குறிப்பேடுகளும் உதவும். குறிப்பேடுகளை நூலாக மதிக்காத நூலகங்கள் பல உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை.

சீவ் லீ 2021-இல் வெளியிட்ட ஆய்வு நூல் முற்றிலும் வேறு கேள்வியைக் கேட்கிறது: இந்த இசைக்கு ‘ஜாஸ் மானூஷ்’ என்ற பெயரும், ஓர் இனத்தின் இசை என்ற அடையாளமும் எப்போது, யாரால் ஏற்பட்டன? 1934-இல் ஜாங்கோவும் வயலின் கலைஞர் ஸ்தெஃபான் கிராப்பெல்லியும் ஐவர் குழுவை அமைத்தபோது, அவர்கள் வாசித்ததை அப்பெயரால் யாரும் அழைக்கவில்லை. ஹாட் ஜாஸ் என்றும் சுவிங் என்றும்தான் சொன்னார்கள். அன்றைய பத்திரிகைகளில் இன்றைய பெயரைத் தட்டச்சு செய்து தேடிவிட்டு, ஒன்றும் கிடைக்கவில்லை என்று திரும்பி வருபவர்களை நான் அடிக்கடி சந்திக்கிறேன். நூலகப் பட்டியல்களிலும் இதே சிக்கல் உண்டு: பழைய அட்டைகளில் ‘ஜிப்சிகள்’ என்று இருக்கும், புதியவற்றில் ‘ரோமானி மக்கள்’ என்று இருக்கும், பிரெஞ்சுப் பட்டியல்களில் ‘த்சிகான்’ என்று இருக்கும். ‘ஜிப்சி’ என்ற சொல்லை அச்சமூகத்தினர் பலர் இழிவாகக் கருதுகின்றனர் என்பதால் எழுதும்போது அதைத் தவிர்க்கலாம். தேடும்போது தவிர்த்தால் நூல்களையே தவறவிட நேரும்.

இசை நூல்களோடு மட்டும் நின்றுவிட்டாலும் படம் முழுமையாகாது. 1912-ஆம் ஆண்டின் பிரெஞ்சுச் சட்டம், நாடோடிகளாக வகைப்படுத்தப்பட்டவர்கள் உடல் அளவுகள் பதிந்த அடையாளக் கையேட்டைச் சுமந்து திரிய வேண்டும் என்றது. 1940 ஏப்ரலில் வந்த ஆணை அவர்களுடைய நடமாட்டத்தையே தடுத்தது. பலர் மோந்த்ரேய்-பெலே போன்ற முகாம்களில் அடைக்கப்பட்டனர். அதே ஆண்டின் டிசம்பரில்தான் ஜாங்கோ ‘நுவாஜ்’ பாடலைப் பதிவு செய்தார். அந்தப் பாடலின் அழகை மட்டும் வருணித்துவிட்டு அந்த ஆணையைக் குறிப்பிடாமல் கடந்து செல்லும் வரலாற்று நூலை நான் இரண்டாம் வரிசையில்தான் வைப்பேன்.

இன்னொன்று, பெயரின் எழுத்துக்கூட்டல். தீவிபத்து நடந்த அதே 1928-இல், அக்கார்டியன் கலைஞர் ழான் வேசாத்துக்குப் பக்கவாத்தியமாக ஜாங்கோ பாஞ்சோ வாசித்த இசைத்தட்டின் முகப்பில் அவர் பெயர் ‘ஜியாங்கோ ரெனார்’ என்று அச்சாகியிருக்கிறது. பழைய இசைத்தட்டுப் பட்டியல்களைத் துழாவும்போது அந்தப் பெயரையும் ஒரு முறை போட்டுப் பாருங்கள்.